மாணிக்கத்துக்கு அடுத்த ஆள்

இன்று காலை கடை திறந்ததும் வந்து உட்கார்ந்தவர், போர்டிக்சன் சாலையில் இன்னும் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு தோட்டத்துக்காரர். பேர் கேட்கவில்லை. துணியைப் போர்த்திவிட்டுப் பின்கழுத்தில் தண்ணீர் தெளித்தேன். ரப்பர் பால் வாடை எழுந்தது. சோப்புக்கெல்லாம் அசையாத வாடை அது. பால் காய்ந்து, வியர்வையோடு சேர்ந்து, முடியின் வேரில் தங்கிவிடும். சிரம்பானை ஒட்டிய இந்த ராசா ஊரில் என் கடைக்கு வருகிறவர்கள் இப்போது கோலாலம்பூருக்கு ரயில் ஏறுகிறவர்கள். அவர்கள் கழுத்தில் பவுடர் வாசம்தான் வரும். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன் போலிருக்கிறது. "என்னாங்க, வெட்டறதுக்கு முடி இல்லையா?" என்று அவர் கேட்டார். உன் ஞாபகம் வந்துவிட்டது, மச்சான்.

மற்றவர்கள் ஆளை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். எனக்குப் பின்மண்டைதான். உனக்கு இரட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டி என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "ஒருத்திகிட்ட பேச்சு வாங்கவே காது பத்தல மச்சான்" என்று நீயும் ஒவ்வொரு தடவையும் சொல்வாய். இருவருக்கும் அது சலித்ததே இல்லை.

நாம் இருந்த ரப்பர் தோட்டத்தில் என்னை மச்சான் என்று கூப்பிட்டது நீ ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு நான் 'ஏய் முடிவெட்டி'. கொஞ்சம் மரியாதை வந்தால் 'ஏய்' மட்டும் போகும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நான் இல்லாமல் முடியாது. பந்தியில் மட்டும் என் இலை கடைசியில், அதுவும் ஒரு கை தள்ளி. மச்சான் என்றால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவு. கள்ளுக்கடை வாசலில் ஒருவன் உன்னைக் கேட்டேவிட்டான்: "என்னா லா, அவன் தங்கச்சியக் கட்டிக்கிட்டியா?" நீ கள் குடிக்காதவன், நீ ஓட்டுகிற ரப்பர் பால் லாரியை நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்க வந்தவன். "தங்கச்சி இல்லாதது அவன் குத்தமா?" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டாய். அவன் அதைப் புரிந்துகொள்ள இரண்டு கிளாஸ் குடித்தான்.

வாரநாளில் எனக்கு ஸ்டோரில் ரப்பர் உலர்த்துகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளுக்கடைக்கு எதிரே இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் மர நாற்காலியைப் போட்டு, மரத்தில் ஆணி அடித்துக் கண்ணாடியை மாட்டினால் அதுதான் கடை. தோட்டத்து ஆண்கள் முழுவதும் அங்கேதான் வந்தாக வேண்டும். யார் வீட்டில் என்ன சண்டை, ஆபீஸில் எந்தக் கிராணி யாரை முறைத்தார் என்பதெல்லாம் என் நாற்காலியைத் தாண்டாமல் போகாது. நீ லாரியைக் கழுவிவிட்டு ஈரக்காலோடு வந்து மரத்து வேரில் உட்கார்ந்துகொள்வாய். தோட்டத்துச் சின்னக் கோயிலுக்குப் பாதிரியார் மாதம் ஒரு தடவைதான் சிரம்பானிலிருந்து வருவார், மற்ற ஞாயிறுகளில் உங்கள் ஜெபம் சீக்கிரமே முடிந்துவிடும்.

உன் பக்தியை நான் பெரிதாக நினைத்ததில்லை, சொல்லிவிடுகிறேன். வேதப்புத்தகத்தோடு உன்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. லாரியில் ஜெபமாலை தொங்கியது. வளைவில் கண்ணாடியில் இடிக்கிறது என்று அதையும் கழற்றிப் பெட்டியில் போட்டாய். எங்கள் முனியாண்டி திருவிழாவுக்குத் தண்ணீர் டிரம் ஏற்றி வருவது நீதான். பேருக்குக் கிறிஸ்துவன், கேக்குக்குக் கிறிஸ்துவன் என்று உன்னைக் கேலி செய்வேன்.

நம் தோட்டத்து மாணிக்கம் திரும்பி வந்தது தீபாவளிக்குச் சற்று முன்னால். பெருவியாதி என்று, அந்த நோய்க்காரர்களைத் தனியாக வைக்கிற குடியிருப்புக்கு அவனைக் கொண்டுபோனபோது அவனுடைய முடி கறுப்பு. திரும்பி வந்தபோது நரைத்து, தோள் வரை இறங்கி, தாடியும் மீசையும் சேர்ந்து வாய் எது என்று தெரியவில்லை. விரல்கள் பாதியில் நின்றுபோயிருந்தன. நோய் குணமாகிவிட்டது, யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை அவன் பெண்டாட்டி செல்லம்மா லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசையிலும் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்த வீடு அது. அவனுக்காகத்தான் அத்தனை வருஷம் கதவைச் சாத்தாமல் இருந்தாள்.

தோட்டத்து ஆபீஸைப் பார்த்துக்கொண்ட பெரிய கிராணி கெட்டவரில்லை. ஆனால் ஜனம் போய் அவர் மேசையைத் தட்டியது. அவர் சொன்னது இதுதான்: வயசு வந்த ஆண் என்றால் தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்தில் இருக்கலாம், குடியிருப்பிலிருந்து வந்தவன் இப்போதைக்கு வெளியாள். தைப்பூசத்துக்குள் ஏதாவது ஒரு வேலைக் கும்பலில் பெயர் ஏறினால் இருக்கட்டும். ஏறாவிட்டால் வந்த இடத்துக்கே போகட்டும். வெளிக்காட்டு வேலைக்கு, அதாவது புல் வெட்ட, மருந்து அடிக்க ஆள் சேர்ப்பது அந்தக் கும்பலை மேற்பார்க்கிற மண்டோர் கையில் இருந்தது. செல்லம்மா மண்டோர் வீட்டு வாசலில் போய் நின்றாள். "மொதல்ல ஆள் மாதிரி வரச் சொல்லு, பாக்கறேன்" என்றார் மண்டோர்.

அந்த ஞாயிறு செல்லம்மா அவனை மரத்தடிக்கு அழைத்து வந்தாள். என் நாற்காலியைச் சுற்றி நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். நான் முடியாது என்றேன். நீ வேரிலிருந்து எழுந்து வந்தாய்.

"ஏன் மச்சான், வெட்டி விடேன்."

"வெட்டலாம். அதுக்கப்புறம் இவங்கள்ல எவன் தலையைக் குடுப்பான்? ஒங்க ஏசு வந்து எனக்குச் சோறு போடுவாரா?"

"போட மாட்டாருதான்" என்றாய். அவ்வளவுதான். உபதேசம் வரும், திருப்பிக் கொடுக்கலாம் என்று நாக்கைத் தயாராக வைத்திருந்தேன். நீ மாணிக்கத்தின் முதுகில் கைவைத்து, "வா, நம்ம வீட்ல கத்தரி இருக்கு" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டாய். நான் சொன்ன காரணம் சரியான காரணம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த வாரம் நடுவில் ஸ்டோர் வாசலில் மாணிக்கத்தைப் பார்த்தேன். மச்சான், நீ லாரி ஓட்டுவதில் கெட்டிக்காரன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தலை ஆடு மேய்ந்த கத்தரித் தோட்டம் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் காது வரை முடி, இன்னொரு பக்கம் தோல். பின்னால் படிப்படியாக மாடிவீட்டுப் படிக்கட்டு. தாடியை என்ன செய்தாயோ, ஒரு கன்னத்தில் இருந்தது, ஒரு கன்னத்தில் இல்லை. முன்பு அவனைப் பார்த்துப் பயந்தவர்கள் இப்போது சிரித்தார்கள். ஸ்டோருக்கு வந்த சீன லாரிக்காரன் என்னைப் பார்த்து, "உங்க தோட்டத்துல முடிவெட்டறது நீதானே?" என்று மலாயில் கேட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கத்தி என் அப்பா கப்பலில் கொண்டுவந்தது. பந்தியில் என்னைத் தள்ளி உட்காரவைக்கலாம், பேரைச் சொல்லாமல் கூப்பிடலாம். என் வேலையை மட்டும் ஒருத்தனும் குறை சொன்னதில்லை. இவன் இந்தத் தலையோடு சிரம்பான் வரை போய்வந்தால் என் மானம் என்ன ஆவது? ஞாயிறு காலையில் நாற்காலியைப் போட்டவுடன் நானே செல்லம்மா வீட்டுக்குப் போய், "கொண்டா அந்தத் தலையை" என்றேன்.

வெகு நேரம் வெட்டினேன். பாத்திரத்தில் விழுந்த தேங்காய்த் துருவல் மாதிரி நரைமுடி துணியில் குவிந்தது. சவரம் செய்து, படிகாரத்தைத் தேய்த்து, கண்ணாடியைக் காட்டினேன். மாணிக்கம் அதைக் குட்டைவிரல்களால் பிடித்துக்கொண்டு, "அட, எங்கப்பா" என்றான். அவன் முகம் அவன் அப்பா முகமாக மாறியிருந்தது. தூரத்தில் நின்றவர்கள்கூட அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

நீ வேண்டுமென்றே கெடுத்தாயா, இல்லை உனக்கு வெட்டத் தெரியாதா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்கு இரண்டு பக்கமும் அர்த்தம் உண்டு, எனக்கு எது என்று தெரியவில்லை.

அவன் எழுந்ததும் நான் பயந்ததுதான் நடந்தது. நாற்காலி காலி. முறை யாருடையது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எல்லாரும் மரத்தின் கிளைகளைப் பார்த்தார்கள். மண்டோரும் அங்கே இருந்தார். செல்லம்மா அவரைப் பார்த்து, "ஆள் மாதிரி ஆயிட்டாருங்க" என்றாள்.

மண்டோர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அவன் உக்காந்த நாக்காலில உக்காரவே ஒருத்தனும் இல்ல. என் கும்பல்ல அவன் பக்கத்துல நின்னு எவன் புல்லு வெட்டுவான்? மொதல்ல அந்த நாக்காலில ஜனம் உக்காரட்டும். அப்பறம் பேரச் சேக்கறேன்."

அதைக் கேட்டதும் நீ வந்து உட்கார்ந்தாய். "சவரம்" என்றாய். முந்தின நாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்து உனக்குச் சவரம் செய்திருந்தேன். நான் துணியை மாற்றப் போனேன். "அதே போதும் லா" என்று மாணிக்கத்தின் முடி ஒட்டியிருந்த துணியை இழுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாய். அதே கத்தி, அதே சோப்புக் கிண்ணம், அதே பிரஷ். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே கத்திதான். இல்லாத தாடியை நான் சிரைத்தேன்.

அன்றைக்கு வேறு யாரும் உட்காரவில்லை. அடுத்த ஞாயிறும் மாணிக்கம், அவனுக்கு அடுத்து நீ. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. தோட்டத்துத் தலைகளெல்லாம் புதர் மண்டின. பெண்டாட்டிமார் கையால் வெட்டிக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். நான் உன் மோவாயையே திரும்பத் திரும்ப வழித்துக்கொண்டிருந்தேன். அதில் தோல்தான் மிச்சம் இருந்தது.

ஒரு நாள் உன் ஞானம்மா ஸ்டோருக்கே வந்துவிட்டாள். கையில் பால் வாளி. எனக்குத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒங்க கத்தி இனிமே எங்க வீட்டுக்காரரு மேல படக்கூடாது. புள்ளைங்க இருக்கற வீடு."

"நான் கூப்படலம்மா. அவனா வந்து உக்கார்றான்."

"வெரட்டி விடுங்க. நான் சொன்னா கேக்கறதில்ல. சாமி காட்டுன வழிங்கறாரு. படத்துல பாத்தா அந்தச் சாமியே முடி வெட்டிக்கிட்ட மாதிரி தெரியல. இவருக்கு மட்டும் வாரா வாரம் என்னாங்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கி, வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கோயில்ல இவரு பெஞ்சில யாரும் ஒக்கார மாட்டேங்கறாங்கண்ணே" என்றாள். அது எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் பூசை அன்று உன்னிடம் பலகாரம் வாங்க வந்தபோது கோயில் வாசலில் நின்று பார்த்தேன். ஆண்கள் பக்கம் எல்லாப் பெஞ்சிலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் பெஞ்சில் நீ மட்டும், நடுவில், புதுச்சட்டையோடு. பாட்டு உன் பக்கத்திலிருந்து மட்டும் தனியாகக் கேட்டது. உனக்கு ராகமும் வராது, பாவம்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஒனக்கு எதுக்கு லா இந்த வேலை?"

"பக்கத்து வீட்டுக்காரன்."

"நாலு லயம் தள்ளி இருக்கறவன் பக்கத்து வீடா?"

"எங்க சாமி அப்படித்தான் அளந்து வெச்சிருக்காரு" என்றாய். பிறகு முறுக்கு கொடுத்தாய். ஞானம்மா கைப்பக்குவம், உப்பு தூக்கல்.

தை பிறந்தது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. செல்லம்மா மறுபடியும் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். அவனை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இருப்பதா, வேலையை விட்டுவிட்டு அவனோடு போவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் மண்டோர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காயோடு என் மரத்தடிக்கு வந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டுகிற நாள் காலையில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்து நான் எழுந்தால்தான் மற்ற சடங்கு நடக்கும். வேறு ஊர் முடிவெட்டியைக் கூப்பிட்டாலும் வரமாட்டான். ஒருத்தன் தோட்டத்தில் இன்னொருத்தன் கத்தி வைப்பதில்லை என்பது எங்கள் ஆட்களுக்குள் கட்டுப்பாடு. எங்களுக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அது.

தாம்பாளத்தை நான் வாங்கவில்லை. "வர்றேன் மண்டோரே. அதுக்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கெழம நீங்க வந்து இதுல உக்காரணும். மாணிக்கம் எந்திரிச்சதும்."

"யாருகிட்ட பேசறே தெரியுதா?"

"மண்டோருகிட்ட. ஜனம் உக்காந்தா பேரச் சேக்கறேன்னு சொன்ன மண்டோருகிட்ட."

அவர் முகம் கறுத்தது. சிரம்பானிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன் என்று போனார். போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பரம்பரையாகக் குனிந்த முதுகு நிமிர்ந்த மாதிரி இருந்தது. அதை உன்னிடம் சொல்லத்தான் லாரி ஷெட்டுக்கு ஓடிவந்தேன்.

நீ சக்கரத்துக்கு அடியில் இருந்தாய். வெளியே வராமலே கேட்டாய். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நீ பண்றது நல்லா இல்ல மச்சான்" என்றாய்.

"எது நல்லா இல்ல?"

"கல்யாண வீட்டுக்காரன் கழுத்தப் புடிக்கற. மெரட்டி உக்கார வெச்சா மாணிக்கத்துக்கு என்னா மருவாதி? பயந்து உக்கார்றதெல்லாம் ஒரு உக்கார்றதா?"

"ஒன் வழியில போனா அடுத்த தைப்பூசமும் வந்துரும். அப்ப மாணிக்கம் இங்க இருக்க மாட்டான் லா."

"ஏசு யாரையும் கைய முறுக்கிக் கூப்படல."

"அவருக்கு நேரம் இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு? முப்பத்து மூணு வயசுல முடிச்சுட்டாங்க."

நான் கத்தினேன். உனக்கு நல்லவன் என்ற பேர்தான் முக்கியம், அவன் போனாலும் பரவாயில்லை என்று சொன்னேன். நீ மறுபடியும் லாரிக்கு அடியில் போய்விட்டாய். மாணிக்கம் காதுக்கும் இது போனது. மறுநாள் ஸ்டோர் வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டான். "என் முடிய வெச்சு ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. யாராச்சும் வெட்டி விடுங்க, அரிக்குது. எனக்கு செல்லம்மாகூட இருக்கணும். எவன் எப்படி உக்காந்தா எனக்கென்னா?" என்றான். நம் இருவரில் யாரும் அவனைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தாலும் அவன் பேச்சு என் பக்கம்தான் சாய்ந்தது, அதையும் உன்னிடம் சொன்னேன்.

அந்த ஞாயிறு மரத்தடியில் திருவிழாக் கூட்டம். மாணிக்கம் எழுந்தான். மண்டோர் வெள்ளைச்சட்டையோடு வந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். கத்தியைத் தாடையில் வைத்தேன். நான் அவசரப்படவில்லை. மீசை ஓரம், கிருதா, எல்லாம் நிதானமாகச் செய்தேன். எழுந்ததும் யாரையும் பார்க்காமல், "நாளைக்குப் பெரட்டுக்கு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில் மாணிக்கத்தின் பேரும் விழுந்தது. செல்லம்மா பால் வாளிகளோடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள் என்று சொன்னார்கள்.

நீ அந்த ஞாயிறும் வந்து, மண்டோருக்கு அடுத்து உட்கார்ந்தாய். பேசவில்லை. நானும் பேசவில்லை. உன்னைச் சவரம் செய்யும்போது பேசாமலிருப்பது எனக்குப் பெரிய தண்டனை. சுழியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை வரவில்லை. உனக்குப் பின்னால் முதல்முறையாக ஒரு வரிசை நின்றது. எல்லாருக்கும் முடி வளர்ந்து கிடந்ததே.

நாம் மறுபடியும் பேசிக்கொண்டது எதற்காக என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமில்லை. ஏதோ டயர் பஞ்சராகியிருக்கும். ஆனால் அந்த வாக்குவாதம் மட்டும் தீரவில்லை. தோட்டத்தில் மாணிக்கத்தை ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டால் முழுவதுமாக இல்லை. கும்பலில் நின்று புல் வெட்டினான், மருந்து அடித்தான், குட்டைவிரலில் கயிறு சுற்றிக் கத்தியைப் பிடித்தான். கோயில் திருவிழாவில் அவனுக்குத் தனி டம்ளர் கடைசி வரை இருந்தது. என் இலையும் தள்ளியே கிடந்தது; அவன் வந்த பிறகு எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கிடைத்தான். மண்டோர் மட்டும் என்னவோ, அவனுக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார ஒரு நாளும் யோசிக்கவில்லை. "பாத்தியா, நான் மெரட்டினது வேலை செஞ்சிருக்கு" என்பேன். "அவரு ஒன்னப் பாத்துப் பயப்படறாரு லா, வேற ஒண்ணும் இல்ல" என்பாய்.

பிறகு தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்து வீடு கட்டினார்கள். நான் ராசாவுக்கு வந்து கடை வைத்தேன். செல்லம்மாவும் மாணிக்கமும் தங்கள் மகள் வீட்டுக்குக் குடிபோனார்கள். கடைசி வரை ஒன்றாகவே இருந்தார்கள், அவன் முந்திப் போனான். நீ பேருந்து ஓட்டினாய், இருமிக்கொண்டே ஓட்டினாய், ஞானம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது ஒரு பக்க நுரையீரல் போயிருந்தது.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஞாயிறுதோறும் பெட்டியோடு வந்து உனக்குச் சவரம் செய்தேன். கன்னம் குழிந்துவிட்டதால் நாக்கால் உள்ளிருந்து முட்டுக்கொடுக்கச் சொல்வேன். ஒரு நாள் சோப்பு நுரையோடு நீயாகவே ஆரம்பித்தாய்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், ஞானத்துகிட்ட சொல்லாத. மாணிக்கத்துக்கு அடுத்து உக்காந்தேனே, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் பயம்தான். வீட்டுக்குப் போனதும் கொல்லைப் பக்கம் நின்னு வெரலக் கிள்ளிக் கிள்ளிப் பாப்பேன், அந்த வியாதி வந்து மரத்துப் போச்சான்னு. கால் வெரலக்கூட. புள்ளைங்களத் தூக்க யோசிப்பேன். டாக்டர் சொன்னது தெரியும், சாமி சொன்னதும் தெரியும். கிள்ளாம இருக்க முடியல."

கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. சாமி நம்பிக்கை இருக்கிறவனுக்குப் பயம் கிடையாது, அதனால் உனக்கு அது சுலபம், எனக்குத்தான் கஷ்டம் என்று. உன்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

"அப்ப அன்னிக்கி மண்டோரப் பத்தி என்னா சொன்ன? பயந்து உக்கார்றதெல்லாம் ஒரு உக்கார்றதான்னு கேட்டியே?"

நீ நாக்கைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்து, மிச்சத்தை வழிக்கச் சொல்லிச் சைகை காட்டினாய். வழித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னாய்.

"அவரக் கேக்கல லா. என்னத்தான் கேட்டுக்கிட்டேன்."

நான் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். வார்டில் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு நான் வந்தபோது கட்டிலில் வேறு ஆள் இருந்தார்.

மச்சான், போன மாதம் ஒரு பெண்மணி தன் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஊசி போட்டுக்கொள்கிற பழக்கத்தில் மாட்டி, இப்போது எல்லாரும் பேசுகிற அந்த நோய் வந்தவன். இரண்டு கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். கையெல்லாம் புண் ஆறின தழும்பு. நான் உன்னைப் போல ஜெபம் பண்ணுகிறவனில்லை. இப்போது ஆளுக்கொரு புது பிளேடு, கையுறையும் இருக்கிறது. தொட்டால் ஒட்டாது என்று படித்திருக்கிறேன். இருந்தாலும் அவன் கழுத்தில் விரல் படாமல்தான் துணியைக் கட்டினேன். காத்திருந்தவர்களில் இருவர் எழுந்து போனார்கள், நான் தடுக்கவில்லை. அந்தப் பையன் கண்ணாடியில் என் கையைப் பார்த்துவிட்டான்.

"அங்கிள், பயமா இருக்கா?" என்றான்.

"இருக்கு லா. தலயக் குனி" என்றேன்.